மயானத்துக்குப் போகும் பாதையைப் பூட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது எண்ணெய், திரி, ஒரு சீப்பு வாழைப்பழம், அப்பாவுக்குப் பிடித்த சுருட்டு ஒன்று, எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு அவருடைய சமாதிக்குப் போனேன். நான் பிறந்த ரப்பர் தோட்டத்தின் பழைய மயானத்தில்தான் அப்பா இருக்கிறார். சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து மோட்டாரில் கால் மணி நேரம். மகன்தான் ஓட்டி வந்தான். தோட்டத்து மண்சாலை தொடங்கும் இடத்தில் புதிதாக இரும்புக் கேட் போட்டு, சங்கிலி சுற்றி, பூட்டியிருந்தார்கள். காவலுக்கு ஜாகாவாக நின்றவன் நேப்பாளத்துப் பையன். ஆபீஸ் கடிதம் இருக்கிறதா என்று மலாயில் கேட்டான். சமாதிக்குப் போகிறேன், விளக்கு வைத்துவிட்டு அரை மணியில் திரும்பிவிடுவேன் என்றேன். கடிதம் இல்லாமல் விட்டால் தனக்கு வேலை போய்விடும் என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். கேட் ஓரத்திலேயே ஒரு கல்லின் மேல் விளக்கை ஏற்றி வைத்தோம். வைத்த கொஞ்ச நேரத்தில் மழை வந்து அணைத்துவிட்டது.

அதற்கு ஐந்து வாரம் முன்னால் இதே கையால் மலேசியாவுக்கு வெளியே வேறொரு நாட்டில், முன்பின் தெரியாத ஒருவருடைய பெரிய எஸ்டேட்டின் கேட்டைத் திறந்து உள்ளே நடந்திருக்கிறேன். யாரும் கடிதம் கேட்கவில்லை. அந்த இரண்டு கேட்டையும் சேர்த்து நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நான்கு பேர் ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள். மண்டோர் (வேலையை மேற்பார்க்கும் கங்காணி) மகள், மாட்டுக்காரர் மகள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை ஆயாவின் மகள், பால் வெட்டுக்காரர் மகளான நான். இன்றைக்கும் எங்களுக்குள் அப்படித்தான் பெயர். ஆயா மகள் 1975-இல் நர்ஸ் படிப்புக்காக இங்கிலாந்து போனாள். பிறகு ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று அங்கேயே இருந்துவிட்டாள். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, இருபத்தெட்டு வருஷம் கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டினேன். மற்ற இருவரும் அப்படித்தான். சாவதற்குள் ஒரு தடவை நாலு பேரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவள் ஒவ்வொரு தீபாவளிக்கும் போனில் அழுவாள். மூன்று வருஷம் கூட்டுக் கட்டி டிக்கெட் காசு சேர்த்து, போன செப்டம்பரில் நாங்கள் மூவரும் போய்ச் சேர்ந்தோம்.

கிளாஸ்கோவில் நான்கு நாள் கடை கண்ணி எல்லாம் பார்த்தோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள், "உங்களுக்கு ஒரு இடம் காட்டணும்டி, கொஞ்சம் நடக்கணும், நனையணும், பரவாயில்லையா?" என்றாள். விடியற்காலையில் கிளம்பி அவளே ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வடக்கே கூட்டிக்கொண்டு போனாள். ஆர்ட்காய் என்று ஒரு சின்ன ஊர். இரண்டு கடை, ஒரு ரயில் நிலையம், அவ்வளவுதான். அங்கே ராத்தங்கி, மறுநாள் காலை கேரன் ஆற்றை ஒட்டி மேற்கே போகிற ஒற்றைச் சாலையில் போனோம். அந்தப் பள்ளத்தாக்குக்கு ஸ்ட்ராத்கேரன் என்று பெயர். ஸ்ட்ராத் என்றால் அகலமான ஆற்றுப் பள்ளத்தாக்கு, கிளென் என்றால் ஒடுங்கியது என்று சொல்லிக் கொடுத்தாள். கேட்டதும் மண்டோர் மகள் என்னைப் பார்த்தாள். சிலாங்கூரில் ஸ்ட்ராத்மாஷி தோட்டம், நிபோங் திபாலில் கலிடோனியா, கெப்போங்கில் எடின்பரோ. கலிடோனியா என்பது ஸ்காட்லாந்தின் பழைய பெயராம். நாம் வாய்க்கு வந்தபடி உச்சரித்துக்கொண்டிருந்த தோட்டப் பெயரெல்லாம் யாரோ ஊரை நினைத்து ஏங்கி வைத்த பெயர்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிற்காலத்தில் ரப்பர் தோட்டங்கள் நடத்திய கத்ரி கம்பெனியை 1821-இல் சிங்கப்பூரில் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரியும் அந்த நாட்டுக்காரர்தானாம்.

மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் மழை கொட்டும், அடிக்கும், ஒரு மணி நேரத்தில் ஓய்ந்து வெயில் வரும். அங்கே மழை கொட்டுவதில்லை, காற்றில் நிற்கிறது. முகத்தில் ஈரத்துணியை வைத்த மாதிரி. மெல்லிய தூறலுக்கு அந்த ஊரில் ஸ்மர் என்று ஒரு வார்த்தை. நாள் முழுக்க வானம் கறுத்து, குளிர்ந்து, நசநசவென்று இருந்தால் அதற்கு ட்ரீக் என்று இன்னொரு வார்த்தை. நாங்கள் நடந்த நாள் இரண்டும் சேர்ந்த நாள். மலை தெரியவில்லை, அதன் கால் மட்டும் தெரிந்தது. ஹெதர் என்கிற ஊதாப்பூ வாடிக்கொண்டிருந்தது. நம் வடிகால் ஓரத்துப் பாக்குக்கீரை மாதிரி பெரணி இனத்துச் செடி ஒன்று அங்கே இடுப்பு உயரம் வளர்ந்து, பழுத்துச் செம்பட்டை நிறத்தில் சாய்ந்து கிடந்தது. ஓடைத் தண்ணீர் தே ஓ, அதாவது பால் விடாத தேநீர், நிறம். அழுக்கு என்று நினைத்தேன். மக்கிய பாசி மண்ணின் சாயமாம், தண்ணீர் சுத்தமானதுதானாம். பாதையை விட்டுக் காலை வைத்தால் பாசி பஞ்சு மாதிரி உள்வாங்கிக் கணுக்கால் வரை இழுத்தது.

பால் வெட்டியவர்களுக்கு மழை என்றால் என்ன என்று உங்கள் வாசகர்களில் பலருக்குத் தெரியும், இளையவர்களுக்குத் தெரியாது. விடிவதற்கு முன்னே எழுந்ததும் அம்மா முதலில் வாசலில் நின்று கையை நீட்டிப் பார்ப்பாள். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழியும். வெட்டி முடித்த பிறகு மழை பிடித்தால் மரத்தில் கட்டிய மங்கில் பாலுக்குப் பதில் தண்ணீர் நிற்கும். ஸ்டோரில் நிறுக்க ஒன்றும் இருக்காது, கூலியும் இருக்காது. அடைமழை மாதத்தில் எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். அறுபத்தேழு வயதில் முதல் தடவையாக, மழை பெய்தால் எனக்கு ஒன்றும் குறையாது என்கிற நினைப்போடு மழையில் நடந்தேன். காலில் எங்கள் கிளாஸ்கோத் தோழி வாங்கிக் கொடுத்த ரப்பர் பூட்ஸ். கிளாஸ்கோக்காரர் சார்ல்ஸ் மக்கின்டாஷ் 1823-இல் இரண்டு துணிக்கு நடுவே ரப்பரைக் கரைத்துப் பூசி மழைக்கோட்டுத் துணிக்குக் காப்புரிமை வாங்கினார் என்று அவள் சொன்னாள். மழையில் வெறுங்காலோடு நெரை நெரையாக அலைந்து பால் எடுத்த காலுக்கு, ரப்பர் பூட்ஸ் கிடைக்க ஸ்காட்லாந்து வரை வரவேண்டியிருந்தது.

சாலையிலிருந்து பிரிந்து போன ஒரு வண்டிப்பாதையில் கேட் இருந்தது. அங்கேயும் பெருநிலத்துக்கு எஸ்டேட் என்றுதான் பெயர். தோழி பேசிக்கொண்டே கேட் வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் மூவரும் பத்தடி பின்னால் நின்றுவிட்டோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. கால் தானாக நின்றது. "ஏண்டி நிக்கிறீங்க? தள்ளுங்கடி, தெறக்கும்" என்றாள். நான்தான் தள்ளினேன். திறந்தது. உள்ளே போன பிறகு கேட்டை எப்படி இருந்ததோ அப்படியே மூடவேண்டும், அது மட்டும் கண்டிப்பு என்றாள். மூடினேன்.

கொஞ்ச தூரம் நடந்திருப்போம். எதிரே சேறு தெறிக்க ஒரு ஜீப் வந்தது. எஸ்டேட் ஆள், மான்களைக் கவனிக்கிறவர். வண்டியைப் பார்த்ததும் மாட்டுக்காரர் மகளும் நானும் பாதையை விட்டு இறங்கி, பிடித்திருந்த குடையை மடக்கிவிட்டோம். அந்தத் தூறலில். துரை கார் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும், குடையை மடக்கவேண்டும் என்று எங்கள் பாட்டன்மார் காலத்து வழக்கம். எங்கள் காலத்தில் யாரும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் அப்பா செய்வார், அதைப் பார்த்து நாங்களும் செய்தோம். அது கையில் இன்னும் இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்த மனிதர் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். ரொம்ப நனைந்துவிட்டீர்களே என்றார். மேலே ஓடை பெருகிப் பாதையை மூடியிருக்கிறது, இடது பக்கம் உயரமாக ஒரு தடம் போகிறது, அதில் போங்கள் என்று கையைக் காட்டினார். வணக்கம் மாதிரி கையை உயர்த்திவிட்டுப் போய்விட்டார். எங்கே போகிறீர்கள், யார் விட்டது, ஒன்றும் கேட்கவில்லை. மாட்டுக்காரர் மகள் அழுதாள். நாங்கள் எதுவும் சொல்லாமல் அவள் குடையை விரித்துக் கையில் கொடுத்தோம்.

தோழி காட்ட நினைத்த இடம் க்ராய்க் என்கிற சின்னக் கோயில். 1827-இல் கட்டிய கிறிஸ்துவ ஆலயம், சுற்றிலும் கல்சுவர் வைத்த மயானம். நடந்து முடித்துத் திரும்பி அங்கே வந்தோம். கிழக்கு ஜன்னலில் சின்னச் சின்னச் சாய்சதுரக் கண்ணாடிகள். அதில் வெளிப்பக்கமாகக் கூரான எதனாலோ கீறி எழுதியிருக்கிறது. குனிந்து ஈரத்தைத் துடைத்துவிட்டுத்தான் பார்க்க முடிந்தது. தோழி வாசித்துச் சொன்னாள்: கிளென்கால்வி மக்கள் 1845 மே மாதம் 24-ஆம் தேதி இங்கே இருந்தார்கள்.

பக்கத்துப் பள்ளத்தாக்குதான் கிளென்கால்வி. தலைமுறை தலைமுறையாக அங்கே உழுது பிழைத்தவர்களை, ஆடு மேய்க்க நிலம் வேண்டும் என்று வெளியேற்றிவிட்டார்கள். நிலத்துக்கு உடையவர் ஊரில் இல்லை, ஃபேக்டர் என்று அழைக்கப்பட்ட நிர்வாகிதான் எல்லாம் செய்தது. போக்கிடம் இல்லாத குடும்பங்கள் இந்த மயானத்தில் சமாதிகளுக்கு நடுவே கூடாரம் போட்டுத் தங்கினார்கள். ஆலயத்துக்குள்ளே போகவில்லை, அதனால்தான் எழுத்து வெளிப்பக்கம். அவர்கள் வீட்டில் பேசியது கேலிக் மொழி, எழுதியது ஆங்கிலத்தில். யாராவது வந்து படிக்கவேண்டும் என்று நினைத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. இன்னொரு கண்ணாடியில், கிளென்கால்வி மக்கள் பொல்லாத தலைமுறை என்று கீறியிருக்கிறது. தங்களையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நான் என் அப்பாவை நினைத்தேன். தோட்டம் கைமாறி, மரத்தைச் சாய்த்துச் செம்பனை போட்டு, லயத்தைக் காலி செய்யச் சொன்ன வருஷம், அவர் யாரையும் திட்டவில்லை. "நாம என்ன பாவம் செஞ்சோமோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு ஊர்க்காரர்களுக்கும் இடையே நூற்றைம்பது வருஷம், ஆறாயிரம் மைலுக்கு மேல். வார்த்தை ஒன்றாக இருக்கிறது.

கல்சுவர் ஓரத்தில் காற்று படாத பக்கம் உட்கார்ந்து ரொட்டியும் நெத்திலிச் சம்பலும் சாப்பிட்டோம். தேநீர் குடித்தோம். ஆயா மகள் அப்போதுதான் சட்டத்தைப் பற்றிச் சொன்னாள். ஸ்காட்லாந்தில் நிலம் இன்னும் சில நூறு பேர் கையில்தான் பெரும்பகுதி இருக்கிறதாம். அதை மாற்ற முடியவில்லை. ஆனால் 2003-இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஒன்று கொண்டுவந்து, 2005 பிப்ரவரியிலிருந்து, யாருடைய நிலமாக இருந்தாலும் எந்த மனிதரும் பொறுப்போடு நடந்து போகலாம் என்று உரிமை ஆக்கிவிட்டார்கள். வீட்டு வாசல், தோட்டம், பயிர் நிற்கிற வயல், இதற்குள் போகக்கூடாது. வயல் என்றால் வரப்போரமாகப் போகவேண்டும். குட்டி போட்ட ஆடு இருக்கும் இடத்தில் நாயை அவிழ்த்துவிடக்கூடாது. குப்பை போடக்கூடாது. நிலத்துக்காரரும் சும்மா ஆளைத் தடுப்பதற்கென்று வேலி, பலகை வைக்கக்கூடாது. வைத்தால் வட்டார மன்றம் எடுக்கச் சொல்லலாம். நடக்கிறவருக்கும் கடமை, உடையவருக்கும் கடமை. நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள், ஆனால் இந்தச் சட்டம் எனக்கு உடனே புரிந்தது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த உரிமை வந்ததால் கிளென்கால்விக்காரர்கள் யாரும் திரும்பி வரவில்லை. அந்தப் பள்ளத்தாக்கு இன்றும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. ஆனால் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் கனடாவிலிருந்தோ வேறெங்கிருந்தோ வந்தால், மயானத்துக் கேட்டில் கடிதம் கேட்க ஆள் இல்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். என் தோட்டத்தின் பெயரையோ கம்பெனியின் பெயரையோ நான் எழுதவில்லை. ஒரு தோட்டத்தோடு முடிகிற விஷயம் இல்லை இது. இந்த வட்டாரத்திலேயே பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும், முனீஸ்வரர் மேடைக்கும், மயானத்துக்கும் போகிற பாதைகள் எத்தனை மூடிக் கிடக்கின்றன என்று சந்தையில் நின்று விசாரித்தாலே தெரியும். லயத்தை விட்டுப் போகச் சொன்னார்கள், வந்துவிட்டோம். வீடு கேட்டோம், சிலருக்குக் கிடைத்தது, பலருக்கு இல்லை. அது தனிக் கதை. செத்தவர்களை மட்டும் கூட்டிக்கொண்டு வர முடியவில்லை. அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

செம்பனைக் குலை திருட்டு நடக்கிறது, அதனால் கேட் போடுகிறோம் என்று சொல்வார்கள். திருட்டு நடப்பது உண்மை. கேட் போடட்டும். ராத்திரியில் பூட்டட்டும். பகலில் வருகிறவர்களின் அடையாள அட்டை எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். அதற்கு நாங்கள் மறுப்பு சொல்லவில்லை. சுருட்டும் வாழைப்பழமும் கொண்டுவருகிற கிழவியிடம், எங்கேயோ கோலாலம்பூரில் இருக்கிற ஆபீசிலிருந்து கடிதம் வாங்கி வா என்று கேட்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். அந்த ஆபீசுக்கு என் மகன் இரண்டு தடவை எழுதினான், பதில் இல்லை.

என் மருமகள் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். தேசிய நிலச் சட்டத்திலேயே பாதை உரிமை ஏற்படுத்த நில நிர்வாகிக்கு அதிகாரம் கொடுக்கும் பகுதி இருக்கிறது என்று எடுத்துக் காட்டினாள். நிலம் மாநில அரசின் பொறுப்பு என்றும் சொன்னாள். அப்படியானால் பேராக் மாநில அரசிடம்தான் நான் கேட்கவேண்டும். தோட்டம் விற்கும்போதும், துண்டு போடும்போதும், வீடமைப்புக்கு மாற்றும்போதும், அதற்குள் இருக்கிற மயானத்தையும் கோயிலையும் அதற்குப் போகிற பாதையையும் வரைபடத்தில் குறித்துவிட்டு அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். இப்போது இருக்கிற சட்டத்தில் அதற்கு இடம் போதாது என்றால், இடம் உண்டாக்குங்கள். எங்கள் சட்டமன்ற உறுப்பினர்கள் இதைச் சபையில் கேட்கவேண்டும். ஓட்டுக்கு வீடு வீடாக வந்தபோது எல்லோரும் என் வீட்டில் தேநீர் குடித்திருக்கிறார்கள்.

பழைய தோட்டத்துக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அப்பா அம்மா சமாதிக்குப் போகிற வழி உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. மரத்தைச் சாய்த்துவிட்டார்கள், லயத்தை இடித்துவிட்டார்கள், அடையாளம் எல்லாம் போய்விட்டது. இன்றைக்கே ஒரு தாளில் வழியை எழுதி வையுங்கள். இந்தப் பத்திரிகைக்கும் அனுப்புங்கள். 1845-இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்காரர் ஒருவர் அந்தக் கிளென்கால்விக்கு நேரில் போய்ப் பார்த்து எழுதினார். ஜன்னலில் கீறியவர்களுக்கு என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரிந்ததில் அவர் எழுதியதற்கும் பங்கு இருக்கிறது. ஆசிரியர் ஐயா, அதனால் என்னுடையதை நானே முதலில் எழுதுகிறேன். தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்.

பெரிய சாலையில் சிமெண்டுப் பாலம் தாண்டியதும் இடப்பக்க மண்சாலை. இப்போது கேட் இருப்பது அங்கேதான். உள்ளே நேராகப் போனால் பழைய ஸ்டோரின் தரை மட்டும் மிச்சம் இருக்கும். அதற்கு எதிரே, காலையில் பெயர் கூப்பிட்ட பெரட்டுக்களம், இப்போது உர மூட்டை அடுக்குகிறார்கள். அங்கிருந்து வலப்பக்கம் மூன்றாம் தீம்பாருக்கு, அதாவது தோட்டத்தின் மூன்றாம் பகுதிக்கு, போகிற தடம். ஓடையில் பலகைப் பாலம் இருந்தது, இப்போது குழாய் போட்டிருக்கிறார்கள். தாண்டினால் மேடு. மேட்டில் செம்பனை நடாமல் விட்ட ஒரு பெரிய அரசமரம், அதன் அடியில் முனியாண்டி சாமியின் சூலம். அரசமரத்துக்குப் பின்னால் மயானம். அப்பா இருப்பது ஓடையைப் பார்த்த ஓரத்தில், மண்டோருக்குப் பக்கத்தில், வெள்ளைச் சிமெண்டு, நீல விளிம்பு. தலைமாட்டில் விளக்கு வைக்கக் குழி வெட்டியிருக்கிறது. மழை அடித்தாலும் அணையாத மாதிரி அண்ணன் பார்த்துக் கட்டியது. கேட்டிலிருந்து மெதுவாக நடந்தால் இருபது நிமிடம்.

இப்படிக்கு,
பால் வெட்டுக்காரர் மகள்,
சுங்கை சிப்புட், பேராக்.